பெயரும் பணியும்: நூலக அட்டவணையில் பங்களித்தோர் பதிவு – சீறாப்புராணத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

முன்னுரை

ஒரு நூல் ஒருவர் உள்ளத்தில் தோன்றுகிறது. ஆயினும் பலர் கைவழியே நம்மிடம் வந்து சேர்கிறது. இயற்றியவர் ஒருவர், பொருளுதவி செய்தவர் ஒருவர், ஏட்டில் எழுதியவர் ஒருவர், ஏடுகளைத் தேடி ஒப்புநோக்கி அச்சிற்குத் தந்தவர் ஒருவர், உரை வகுத்தவர் ஒருவர், மொழிபெயர்த்தவர் ஒருவர். இவர்களுள் எவர் எதனைச் செய்தார் என்பதைச் சொல்ல வேண்டிய இடம் நூலக அட்டவணையாகும். நூலை நேரில் காணாதவர்க்கும் நூலைப் பற்றி அறிவிக்கும் கருவி அதுவே.

ஆயின் நம் நூலகங்களின் பழம்பதிவேடுகள் பலவற்றில் ‘ஆசிரியர்’ என்ற ஒரே கட்டத்துள் எல்லாப் பெயர்களும் அடைக்கப்பட்டுள்ளன. பதிப்பித்தவர் ஆசிரியராகிறார், உரையாசிரியர் மறைந்து போகிறார், புரவலர் பெயர் ஏறுவதே இல்லை. பெயர் இருந்தும் பணி குறிக்கப்படாத பதிவு பாதிப் பதிவேயாகும். இக்குறையால் பெரிதும் இழப்புற்றது இஸ்லாமியத் தமிழ் இலக்கியம். அவ்விழப்பின் தன்மையினையும், அதனைத் தவிர்க்கும் வழியினையும் சீறாப்புராணத்தைச் சான்றாகக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பாயிரம் என்னும் பழைய அட்டவணை

நூலைப் பற்றிய செய்திகளை நூலுக்கு முன்னே வகைப்படுத்திச் சொல்லும் வழக்கம் தமிழர்க்குப் புதிதன்று. சிறப்புப் பாயிரம் என்பது அதுவே. பவணந்தி முனிவர் தம் நன்னூலில் சிறப்புப் பாயிரம் உணர்த்த வேண்டிய செய்திகளை எட்டாக வகுக்கிறார். நூலைச் செய்தவர் பெயர், நூல் வந்த வழி, அது வழங்கும் நிலவெல்லை, நூலின் பெயர், யாப்பு, கூறும் பொருள், கேட்போர், பயன் என்பன அவை. காலம், அரங்கேறிய களம், செய்தற்குரிய காரணம் என்னும் மூன்றையும் இவற்றோடு கூட்டிப் பதினொன்றாகக் கொள்வாரும் உளர்.

இவற்றுள் இரண்டு நம் ஆய்வுக்கு மிகவும் வேண்டியவை. ‘வழி’ என்பது ஒரு நூலுக்கும் அதற்கு முற்பட்ட நூலுக்கும் உள்ள உறவு. முதல்நூல், வழிநூல், சார்புநூல் என்னும் பாகுபாடு இதனை அடியாகக் கொண்டது. ‘காரணம்’ என்பது நூல் தோன்றத் தூண்டுதலாக நின்றவரைச் சுட்ட இடம் தருவது. நன்னூலின் பாயிரமே அந்நூலைச் செய்வித்தவன் சீயகங்கன் என்று பதிவு செய்து வைத்துள்ளது. தொல்காப்பியப் பாயிரமோ ஆசிரியரோடு நில்லாமல், நூல் அரங்கேறிய அவைக்குரிய பாண்டியனையும், அங்கிருந்து கேட்ட அதங்கோட்டாசானையும் குறிக்கின்றது. அப்பாயிரத்தைச் செய்தவர் பனம்பாரனார் என்ற செய்தியும் உரைவழியே காக்கப்பட்டுள்ளது. முன்னுரை எழுதியவரின் பெயரையும் இழக்க விரும்பாத மரபு நம்முடைய மரபு.

தொகுத்தோரும் தொகுப்பித்தோரும்

சங்கத் தொகை நூல்களின் அடிக்குறிப்புகள் இதனினும் நுட்பமானவை. ஐங்குறுநூற்றைத் தொகுத்தவர் கூடலூர் கிழார்; தொகுப்பித்தவன் யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறை. அகநானூற்றைத் தொகுத்தவர் உருத்திரசன்மர். தொகுப்பித்தவன் பாண்டியன் உக்கிரப்பெருவழுதி. நற்றிணையைத் தொகுப்பித்தவன் பன்னாடு தந்த பாண்டியன் மாறன்வழுதி. தொகுத்தவர் பெயர் தெரியவில்லை. தெரியாததனைத் தெரியாததாகவே விட்டு, தெரிந்ததனை மட்டும் உரிய பணிப்பெயரோடு எழுதி வைத்த நேர்மையை இங்குக் காண்கிறோம்.

தொகுத்தல், தொகுப்பித்தல் என்னும் இரு வினைகளுக்கும் இடையே ஒலியளவில் வேறுபாடு சிறிது, பொருளளவில் பெரிது. முன்னது புலமைத் தொழில். பின்னது புரவலர் தொழில். தன்வினை, பிறவினை என்னும் இலக்கணப் பாகுபாடே இங்கே நூற்பட்டியல் விதியாக வேலை செய்கிறது.

பரிபாடலின் குறிப்புகள் மேலும் ஒரு படி செல்கின்றன. ஆறாம் பாடலை இயற்றியவர் நல்லந்துவனார்; அதற்கு இசை வகுத்தவர் மருத்துவன் நல்லச்சுதனார்; பண் பாலையாழ். பாட்டு ஒருவருடையது, இசை மற்றொருவருடையது என்ற வேறுபாடு அன்றே எழுதி வைக்கப்பட்டதனால்தான், இசைப்பாடல் முழுவதும் ஒருவர் ஆக்கமே என்ற தவறான முடிவுக்கு நாம் வராமல் இருக்கிறோம். இசை மறைந்துவிட்டது, இசை வகுத்தவர் பெயர் மறையவில்லை.

கல்லில் பதிந்த பணிப்பெயர்கள்

ஏட்டில் மட்டுமன்றிக் கல்லிலும் இம்மரபு உண்டு என்பதற்குச் சான்று காண நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. பாலாற்றங்கரையில் பழையசீவரத்தில் நின்று நோக்கினால், ஆற்றுக்கு அப்பால் திருமுக்கூடல் தெரியும். பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுமிடம் அது. அங்குள்ள பெருமாள் கோயிலில் வீரராசேந்திர சோழன் காலத்து, 11 ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு ஒன்று உள்ளது. கோயிலைச் சார்ந்து நடைபெற்ற கல்விச்சாலையினையும் பதினைந்து படுக்கைகள் கொண்ட ஆதுலசாலையினையும் பற்றி அது விரிவாகப் பேசுகிறது. மருத்துவர் பெயர் கோதண்டராமன் அசுவத்தாம பட்டன் என்று குறிக்கப்பட்டுள்ளது. அறுவை செய்வோர், மூலிகை கொணர்வோர், நோயாளரைப் பேணும் பெண்டிர் ஆகியோரும் தத்தம் பணியால் சுட்டப்பட்டு, அவரவர்க்குரிய ஊதியமும் வரையறுக்கப்பட்டுள்ளது. ‘ஆதுலசாலைப் பணியாளர்’ என்று ஒரே சொல்லால் அக்கல்வெட்டு முடித்திருக்குமாயின், சோழர் கால மருத்துவத்தில் அறுவைக்கெனத் தனியொருவர் இருந்தார் என்பதனை அக்கல்லிலிருந்து நாம் அறிந்திருக்க இயலாது.

இதே வட்டாரத்து உத்திரமேரூரில், முதலாம் பராந்தக சோழன் காலத்தில் 919, 921 ஆம் ஆண்டுகளில் வெட்டப்பட்ட குடவோலைக் கல்வெட்டுகளும் அத்தகையனவே. முடிவு செய்தது சபை. உடனிருந்தவர் அரசாணை கொண்டு வந்த அதிகாரி. அவையோர் பணிக்க எழுதியவர் மத்தியஸ்தர். எழுதியவர் தம் பெயரைச் சொல்லி, எவர் பணிக்க எழுதினார் என்பதனையும் சொல்கிறார். ஆகவே அவரை முடிவு செய்தவராக எவரும் பிறழக் கொள்வதில்லை. பெயரோடு பணியும் உறவும் சேர்ந்து நின்றால் விளையும் தெளிவு இது.

இஸ்லாமிய அறிவு மரபில் பெயர்த் தொடர்

முஸ்லிம்களின் அறிவு மரபும் இத்துறையில் பின்தங்கியதன்று. நபிமொழி ஒன்றைச் சொல்லும்போது, அதனை யார் யாரிடமிருந்து கேட்டார் என்னும் அறிவிப்பாளர் தொடராகிய இஸ்னாத் உடன் சொல்லப்படுகிறது. தொடரில் வரும் ஒவ்வொருவரும் யார், எக்காலத்தவர், எவரைச் சந்தித்திருக்கக் கூடும் என ஆராயத் தனிக்கலையே வளர்ந்தது. ஒருவர் பெயர் மயங்கினால் செய்தியின் வலிமையே குறைவுபடும் என்பதனை அவ்வறிஞர்கள் நன்கு உணர்ந்திருந்தனர்.

பத்தாம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த இப்னு அந்-நதீம் என்பார் ‘அல்-ஃபிஹ்ரிஸ்த்’ என்னும் நூற்பட்டியலை ஹிஜ்ரி 377 இல், அஃதாவது கி.பி. 987–88 அளவில் தொகுத்தார். நூல்களைப் படியெடுத்து விற்கும் தொழிலோடு தொடர்புடையவர் அவர். அரபு மொழியில் அந்நாளில் கிடைத்த நூல்களைத் துறைவாரியாக வகுத்துக் காட்டும் அப்பட்டியலில், பிறமொழி நூல்களை அரபிக்குக் கொணர்ந்த மொழிபெயர்ப்பாளரும் பேசப்படுகின்றனர். கையெழுத்துப் பிரதியின் இறுதியில் படியெடுத்தவர் தம் பெயரும் நாளும் எழுதி முடிப்பதும் அம்மரபின் வழக்கமே. பாயிர மரபும் இஸ்னாத் மரபும் ஆகிய இரண்டுக்கும் உரியவர் தமிழ் முஸ்லிம்கள். அவர்தம் இலக்கியம் பங்களித்தோர் குழப்பத்தில் சிக்கி நிற்பது வருந்தத்தக்கது.

நூலக விதிகள் வளர்ந்த வகை

இக்குழப்பம் எவ்வாறு நேர்ந்தது என்பதனை அறிய அண்மைக் கால விதிகளைக் காண வேண்டும். 1867 ஆம் ஆண்டின் அச்சகங்கள் மற்றும் நூல்கள் பதிவுச் சட்டம், வெளியான ஒவ்வொரு நூலையும் மாகாண அரசு பட்டியலிட வேண்டுமென விதித்தது. நூற்பெயர், மொழி, பொருள், அச்சிட்ட இடம், அச்சகத்தார், வெளியிட்டோர், பக்கம், பதிப்பு, படிகளின் எண்ணிக்கை, விலை, பதிப்புரிமையாளர் எனப் பல செய்திகள் கேட்கப்பட்டன. கல்லச்சா பிற அச்சா என்பதுகூடக் கேட்கப்பட்டது. ஆனால் ஆசிரியர், மொழிபெயர்ப்பாளர், பதிப்பாசிரியர் ஆகிய மூவர்க்கும் வைக்கப்பட்ட இனம் ஒன்றே. உரையாசிரியரும் புரவலரும் அங்கே பேசப்படவே இல்லை. அச்சட்டம் நீங்கி 2023 இல் புதிய சட்டம் இயற்றப்பட்டுவிட்டது. எனினும் ஒன்றரை நூற்றாண்டுத் தமிழ் நூல்களைத் தேடுவோர்க்கு அப்பட்டியல்கள் இன்றும் இன்றியமையாதவை. அவற்றின் ஒரே கட்டம் தரும் மயக்கமும் உடன் வருகிறது.

சீர்காழியில் 1892 இல் பிறந்து, 1924 இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராகப் பொறுப்பேற்ற சீ. இரா. அரங்கநாதன் இம்மயக்கத்தை நீக்க முயன்றார். 1934 இல் வெளிவந்த தம் பகுப்பு அட்டவணை விதித்தொகுப்பில், நூலின் கருத்துக்குப் பொறுப்பான ஆசிரியரையும், அவருக்கு அடுத்த நிலையில் நூலுக்கு உதவிய பதிப்பாசிரியர், மொழிபெயர்ப்பாளர், உரையாசிரியர், ஓவியர் முதலானோரையும் அவர் வேறு பிரித்தார். பின்னவரை நாம் ‘துணையாக்குநர்’ எனலாம். அவர் பெயர்வழியாகவும் வாசகர் நூலைத் தேடி அடைய வேண்டும் என்பது அரங்கநாதனின் கொள்கை. உரைமரபில் ஊறிய மண்ணில் பிறந்தவர்க்கு உரையாசிரியரின் இன்றியமையாமை எளிதில் விளங்கியதில் வியப்பில்லை.

மேலைநாட்டார் வகுத்து நம் நூலகங்களிலும் பரவிய ஆங்கில–அமெரிக்க அட்டவணை விதிகளின் இரண்டாம் பதிப்பு 1978 இல் வெளிவந்தது. தொகுப்பாளர், பதிப்பாசிரியர், ஓவியர், மொழிபெயர்ப்பாளர் என்னும் பணிப்பெயர்களைச் சுருக்கக் குறியாகப் பெயரோடு சேர்க்கலாம் என்று அது கூறிற்று. சேர்த்தே தீர வேண்டும் என்று கூறவில்லை. விருப்பமாக விடப்பட்டது பல இடங்களில் விடுபட்டது.

2010 இல் வெளிவந்த ஆர்.டி.ஏ. என்னும் புதிய விதித்தொகுப்பு நிலைமையை மாற்றியது. அமெரிக்கக் காங்கிரசு நூலகம் 2013 மார்ச்சு 31 முதல் அதனைப் பின்பற்றலாயிற்று. ஒருவர்க்கும் நூலுக்கும் உள்ள உறவைச் சொல்லும் சொற்பட்டியல் ஒன்றை அது தருகிறது. கணினிப் பதிவுக்குரிய மார்க் வடிவத்திலும் பணிகளுக்கு மூன்றெழுத்துக் குறியீடுகள் உண்டு. உரையாசிரியர், ஏடெழுதியவர், புரவலர், முன்பு உடைமையாகக் கொண்டிருந்தவர், நன்கொடையளித்தவர் ஆகிய எல்லோர்க்கும் அங்கே இடமுண்டு. இன்று நம் கல்லூரி நூலகங்களில் வழங்கும் மென்பொருள்களிலும் இக்கட்டம் இருக்கவே செய்கிறது. அதனை நிரப்புவார்தாம் குறைவு.

இப்புதிய முறையின் அடிப்படையில் நான்கு நிலைகள் உள்ளன. உள்ளத்தில் உருவான ஆக்கம் ‘படைப்பு’. அது ஒரு மொழியிலோ ஒரு பாடவடிவிலோ அமைவது ‘வடிவம்’. அச்சாகி வெளிவருவது ‘பதிப்பு’. நம் கையிலுள்ள ஒற்றை நூல் ‘படி’. ஆசிரியர் படைப்போடு உறவுடையவர். மொழிபெயர்ப்பாளரும் பாடம் செப்பம் செய்தவரும் வடிவத்தோடு உறவுடையவர். அச்சிட்டவரும் வெளியிட்டவரும் பதிப்போடு உறவுடையவர். உடைமையாளரும் நன்கொடையாளரும் படியோடு உறவுடையவர். எவர் எந்நிலையில் நிற்கிறார் என்று கேட்டாலே பாதிக் குழப்பம் நீங்கிவிடும்.

சீறாப்புராணம்: ஒரு நூல், பல பங்காளர்

மேற்கூறிய விதியைச் சீறாப்புராணத்தில் பொருத்திக் காண்போம். நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வரலாற்றை விலாதத்து, நுபுவ்வத்து, ஹிஜ்ரத்து என்னும் மூன்று காண்டங்களில், ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட விருத்தங்களில் பாடும் காப்பியம் இது. இயற்றியவர் உமறுப்புலவர். அவர் எட்டயபுரம் கடிகைமுத்துப் புலவரின் மாணாக்கர். படைப்பு நிலையில் ஆசிரியர் என்னும் இடம் அவர்க்கே உரியது, அதில் ஐயமில்லை.

இனிப் புரவலர் யார்? கீழக்கரை வள்ளல் சீதக்காதி இந்நூலைப் பாடுமாறு தூண்டினார் என்பது மரபு வழிச் செய்தி. அவர் மறைந்தபின் பரங்கிப்பேட்டை அபுல் காசிம் மரைக்காயர் ஆதரவளிக்க நூல் வளர்ந்தது என்றும் அம்மரபு கூறும். நூலுக்குள் புலவர் பல இடங்களில் நன்றியோடு போற்றுபவர் அபுல் காசிம் ஆவார். எனவே அபுல் காசிம் புரவலர் என்பது அகச்சான்று உடையது. சீதக்காதி புரவலர் என்பது மரபால் அறியப்படுவது. இருவரையும் ‘புரவலர்’ என்று எழுதலாம். ஆனால் இரண்டின் சான்று நிலையும் ஒன்றே என்று காட்டலாகாது.

இதற்கு அட்டவணைக் கலையிலேயே ஒரு நல்ல வழி உண்டு. நூலில் இல்லாது வெளியிலிருந்து பெற்ற செய்தியைச் சதுர அடைப்புக்குறிக்குள் எழுதுவது நூலகர் வழக்கம். சீதக்காதியின் பெயரை அவ்வாறு எழுதி, ‘மரபுச் செய்தி’ என்று குறித்துவிட்டால் வள்ளலும் விடுபடார், வாசகரும் மயங்கார்.

நபிகளாரின் வரலாற்றுச் செய்திகள் அரபு மூலங்களில் இருந்தன. அவற்றை உமறுவுக்கு விளக்கித் தர வழிகாட்டியவர் சதக்கத்துல்லாஹ் அப்பா (ரஹ்) அவர்கள் என்றும், பரங்கிப்பேட்டையிலிருந்த மாமு நயினார் லெப்பை ஆலிம் பொருள் விளக்கம் தந்தார் என்றும் அதே மரபு சொல்கிறது. இவர்கள் ஆசிரியர் அல்லர், மொழிபெயர்ப்பாளரும் அல்லர். ‘பொருள் விளக்கம் தந்தவர்’ என்பதே இவர்தம் பணிக்கு ஏற்ற பெயர். இப்பணிப்பெயர் பதிவில் ஏறுமாயின், தமிழ்ப் புலவரும் அரபு ஆலிமும் சேர்ந்து உழைத்த ஓர் அறிவுக் கூட்டுறவு கண்முன் தோன்றும். ஏறாவிட்டால், அரபு மூலச் செய்திகள் தமிழ்ப் புலவரை அடைந்த வழி வாசகர்க்குப் புலப்படாமலே போகும்.

ஏட்டிலிருந்த காப்பியத்தை 1842 இல் முதன்முதலாக அச்சில் கொணர்ந்தவர் செய்கு அப்துல் காதிறு நயினார் லெப்பை ஆலிம். புலவர் நாயகம் என்றும் சேகனாப் புலவர் என்றும் சிறப்பிக்கப் பெறுபவர் இவரே. இவர் பணி பதிப்பாசிரியர் பணி. பின்னர் இந்நூலுக்கு உரை கண்டவர்களுள் ஒருவர் சதாவதானி செய்குத்தம்பிப் பாவலர் (1874–1950). அவர் பணி உரையாசிரியர் பணி. உரையோடு கூடிய நூல் தனிப் பதிவு பெற வேண்டும். அதில் உமறுவும் பாவலரும் தத்தம் பணிப்பெயரோடு நிற்க வேண்டும்.

ஒரு பெயர் இருவர்க்கு, ஒருவர்க்குப் பல பெயர்

இனி ஒரு நுட்பமான இடத்துக்கு வருகிறோம். ‘சீதக்காதி’ என்பது மக்கள் வழக்கில் திரிந்த வடிவம். அவ்வள்ளலின் பெயர் செய்கு அப்துல் காதிர் என்பதாகும். சீறாவை அச்சிட்ட ஆலிமின் பெயரும் செய்கு அப்துல் காதிறு. ஒரே காப்பியத்தோடு தொடர்புடைய இருவர்க்குப் பெயர் ஒன்று, காலமோ ஒன்றரை நூற்றாண்டு வேறு, பணியும் வேறு. மரைக்காயர், நயினார் லெப்பை ஆலிம் என்னும் பின்னொட்டுகளை நீக்கிவிட்டு ‘அப்துல் காதிர்’ என்று மட்டும் அட்டையில் எழுதும் ஒருவர், புரவலரையும் பதிப்பாசிரியரையும் ஒரே ஆளாக்கிவிடக் கூடும். அங்ஙனம் நேராமல் காப்பவை இரண்டு: பணிப்பெயரும் காலக்குறிப்பும்.

மறுபுறம், ஒருவர் பல பெயரால் அறியப்படுவதும் உண்டு. மேற்கண்ட பதிப்பாசிரியரே குத்பு நாயகம், திருக்காரணப் புராணம் முதலிய காப்பியங்களை இயற்றிய சேகனாப் புலவர். ஒரு பதிவில் அவர் ஆசிரியர். மற்றொரு பதிவில் அவர் பதிப்பாசிரியர். ‘சேகனா’ என்ற பெயரில் தேடுவோர்க்குச் சீறாப் பதிப்பும், ‘செய்கு அப்துல் காதிறு’ என்று தேடுவோர்க்குத் திருக்காரணப் புராணமும் கிடைக்காமற் போகலாகாது. பல வடிவங்களுள் ஒன்றைத் தலைப்பாகக் கொண்டு, ஏனையவற்றிலிருந்து ‘காண்க’ என்று அதற்கு வழிகாட்டுவதே நூலகர் கண்ட தீர்வு.

அரபுப் பெயர் தமிழ் எழுத்தில் அமையும்போது எழும் வேறுபாடுகள் இவற்றுக்கு மேலானவை. காதிர், காதிறு, காதர் என ஒரே பெயர் மூன்று வடிவம் கொள்கிறது. செய்கு, சேகு, ஷைகு, ஷெய்கு என்பனவும் அவ்வாறே. ஆலிம், லெப்பை, மரைக்காயர், அப்பா, நாவலர் என்பனவற்றுள் சில பட்டம், சில குடிப்பெயர், சில மதிப்புப் பெயர். தந்தை பெயரை முதலெழுத்தாகச் சுருக்கும் தமிழ் வழக்கமும் கூடினால் மயக்கம் மிகும். நூலின் முகப்பில் உள்ள வடிவத்தை உள்ளவாறே எழுதிக்கொண்டு, ஒருமைப்படுத்தும் வேலையைத் தலைப்பில் மட்டும் செய்வதே நன்று. முகப்பைத் திருத்துவது சான்றை அழிப்பதாகும்.

நூலுக்கும் நூலுக்கும் உள்ள உறவு

ஆளுக்கும் நூலுக்கும் உள்ள உறவைப் போன்றே நூலுக்கும் நூலுக்கும் உறவுண்டு. உமறுவின் காப்பியம் நபிகளாரின் வாழ்வு முழுமையையும் பாடி நிறைவுறவில்லை. எஞ்சிய வரலாற்றைப் பனீ அகமது மரைக்காயர் ‘சின்னச் சீறா’ என்னும் நூலாகப் பாடினார். இது தொடர்நூல். இரண்டையும் இணைக்கும் குறிப்பு அட்டவணையில் இல்லையேல், ‘சின்னச் சீறா’ என்ற பெயர் கண்டவர் அதனைச் சீறாவின் சுருக்கம் என எண்ணிவிட இடமுண்டு.

1572 இல் அரங்கேறிய ஆயிர மசலா, வினாவிடையாக அமைந்த அரபு மூலக் கதையொன்றைச் சார்ந்து வண்ணப் பரிமளப் புலவர் பாடியது. நாகூர் குலாம் காதிறு நாவலர் (1833–1908) வெளியிட்ட உமறு பாஷா யுத்த சரித்திரம், ரெனால்ட்ஸ் என்னும் ஆங்கில நாவலாசிரியரின் கதையைத் தமிழாக்கியது. முன்னதில் வண்ணப் பரிமளப் புலவர் சார்புநூலாசிரியர். பின்னதில் நாவலர் மொழிபெயர்ப்பாளர். நாவலரின் சொந்த ஆக்கங்கள் பல இருக்க, மொழிபெயர்ப்பையும் அவர் படைப்பாகவே எழுதுவது அவர்க்குப் பெருமை சேர்ப்பதாகாது. ஆங்கில நாவல் தமிழ் முஸ்லிம்களிடையே நுழைந்த வரலாற்றை மறைப்பதாகவே முடியும்.

அணிந்துரை வழங்கியோரையும் எளிதாக எண்ணலாகாது. நாகூர் சித்தி ஜுனைதா பேகம் 1938 இல் வெளியிட்ட ‘காதலா கடமையா’ என்னும் நாவலுக்கு மதிப்புரை வழங்கியவர் உ. வே. சாமிநாதையர். அவ்வொரு பெயர் உரிய பணிப்பெயரோடு பதிவில் ஏறுமாயின், தமிழ்த் தாத்தாவைப் பற்றித் தேடும் மாணவர் ஒரு முஸ்லிம் பெண் எழுத்தாளரைக் கண்டடைவார். உறவுப் பதிவின் பயன் இத்தகையது. தேடாத ஒன்றை அது தேடியவர் முன் கொண்டு வந்து நிறுத்தும்.

மாதிரிப் பதிவு

கூறியவற்றைத் திரட்டிச் சீறாப்புராண முதற்பதிப்புக்கு ஒரு மாதிரிப் பதிவு அமைத்தால் அது பின்வருமாறு அமையும்.

நூற்பெயர்: சீறாப்புராணம்.
இயற்றியவர்: உமறுப்புலவர்.
புரவலர்: அபுல் காசிம் மரைக்காயர், பரங்கிப்பேட்டை (நூலுள் சுட்டப்பெறுபவர்).
[புரவலர்: செய்கு அப்துல் காதிர் மரைக்காயர் என்னும் சீதக்காதி, கீழக்கரை – மரபுச் செய்தி.]
[பொருள் விளக்கம் தந்தவர்: மாமு நயினார் லெப்பை ஆலிம் – மரபுச் செய்தி.]
பதிப்பாசிரியர்: செய்கு அப்துல் காதிறு நயினார் லெப்பை ஆலிம் (காண்க: சேகனாப் புலவர்).
பதிப்பாண்டு: 1842.
தொடர்புடைய நூல்: சின்னச் சீறா (தொடர்நூல், இயற்றியவர் பனீ அகமது மரைக்காயர்).
இப்படியின் வரலாறு: முன்னை உடைமையாளர், வழங்கியவர், பெற்ற நாள்.

இறுதி வரியை நிரப்பாமல் விட்டதற்குக் காரணமுண்டு. அவ்வரி ஒவ்வொரு நூலகத்திலும் ஒவ்வொரு படிக்கும் வேறாகும். அதனை நிரப்பக் கூடியவர் அப்படியைக் கையில் வைத்திருப்பவரே.

கொள்ள வேண்டிய நெறிகள்

இப்பணியில் ஈடுபடும் மாணவர்க்குச் சில நெறிகள் பயன்படும்.

1. முகப்பிலுள்ள வினைச்சொல்லை விடாதீர்கள். ‘இயற்றியது’, ‘பார்வையிட்டது’, ‘பரிசோதித்தது’, ‘பதிப்பிக்கப்பட்டது’, ‘உரை செய்தது’ என்னும் சொற்களே பணிப்பெயரின் மூலம். பழம்பதிப்புகளில் ‘பரிசோதித்து’ என வருவது பாடத்தைச் செப்பம் செய்ததனைக் குறிக்கும். அவரை வெறும் அச்சக ஊழியராக எண்ணற்க.

2. முகப்போடு நில்லாமல் சாற்றுகவி, பாயிரம், நூலின் இறுதிக்குறிப்பு ஆகியவற்றையும் படியுங்கள். பொருளுதவி செய்தவர் பெயர் பெரும்பாலும் அங்கேதான் கிடைக்கும்.

3. பணி தெளிவாகத் தெரியாதபோது ஊகித்து எழுதாதீர்கள். ‘பங்களித்தவர்’ என்ற பொதுச்சொல்லே போதும். நற்றிணைக் குறிப்பு எழுதியவரின் நேர்மை நமக்கும் வேண்டும்.

4. செவிவழிச் செய்தியைச் சதுர அடைப்புக்குள் இடுங்கள். யார் சொல்லக் கேட்டது, எந்நாளில் என்பதனையும் எழுதுங்கள்.

5. அரபுத் தமிழ் ஏடுகளிலும் கல்லச்சு நூல்களிலும் முகப்பு அரபு எழுத்தில் இருக்கும். அதனைப் படிக்க வல்ல ஆலிம்களின் துணையை நாடுங்கள். அவர் பெயரையும் ‘படித்து உதவியவர்’ என்று பதிவில் சேருங்கள்.

இவ்வளவும் எழுத நூலகர்க்கு நேரம் ஏது என்று சிலர் வினவக் கூடும். அவ்வினா நியாயமானதே. எல்லா நூலுக்கும் இத்தனை விரிவு வேண்டியதில்லை. பாடநூலுக்கும் அன்றாட நாவலுக்கும் ஆசிரியர், மொழிபெயர்ப்பாளர் என்ற அளவே போதும். பல படிகள் இல்லாத, மறுபதிப்புக் காணாத, குடும்பங்களின் பேழைகளில் மட்டும் எஞ்சியுள்ள நூல்களுக்கே இவ்விரிவு தேவை. அவற்றின் தொகை ஒரு துறையின் மாணவர்கள் பகிர்ந்துகொண்டு செய்யத்தக்க அளவினதே.

முடிவுரை

ஆசிரியர் பெயரை மட்டும் காக்கும் அட்டவணை இலக்கியத்தை ஒற்றை மனிதர்களின் சாதனையாகக் காட்டும். பணியும் உறவும் சேர்ந்த அட்டவணையோ ஒரு சமூகம் கூடி உழைத்த வரலாற்றைக் காட்டும். கீழக்கரையும் பரங்கிப்பேட்டையும் எட்டயபுரமும் ஒரு காப்பியத்துக்காக இணைந்தன என்பதனைச் சீறாப்புராணப் பதிவு ஒன்றே சொல்லிவிட முடியும். நாம் சொல்ல விட்டால்.

இங்கே பெரியோர்களிடம் ஒரு வேண்டுகோள் உண்டு. தங்கள் இல்லங்களில் பழைய தாலாட்டு, கிஸ்ஸா, முனாஜாத்து ஏடுகளும் முகப்பிழந்த அச்சு நூல்களும் இருக்கலாம். அவற்றை நூலகத்துக்கு வழங்குங்கால் ஒரு தாளில் நான்கு வரிகள் எழுதி உள்ளே வையுங்கள்: இதனை எழுதியவர் யார், படியெடுத்தவர் யார், ஓதி வந்தவர் யார், இது நம் வீட்டுக்கு வந்த வழி எது. படியெடுத்தது தங்கள் பாட்டியார் என்றால் ‘பாட்டி’ என்று விடாமல் அவர் பெயரை எழுதுங்கள். ஏடுகளைப் படியெடுத்த பெண்கள் பெயரற்றுப் போனதற்கு, அவர்களை உறவுமுறையால் மட்டும் நினைவுகூர்ந்த நம் வழக்கமும் ஒரு காரணம். ஏடு அழிய ஆண்டுகள் பலவாகும். ஏட்டைப் பற்றி அறிந்தவரின் நினைவு அத்தனை காலம் காத்திருப்பதில்லை.

மாணவர்களே, நம் துறை நூலகத்தின் பழைய அலமாரி ஒன்றைத் தேர்ந்து, அதிலுள்ள நூல்களின் முகப்பையும் இறுதிப் பக்கத்தையும் ஒருமுறை வினைச்சொற்களோடு படித்து எழுதத் தொடங்குங்கள். தொகுத்தவரையும் தொகுப்பித்தவரையும் வேறு பிரித்து எழுதி வைத்த முன்னோர்க்கு நாம் செலுத்தத்தக்க கடன் அதுவேயாகும்.